சின்னத்தாய் ஆசீர்வதித்த வாரம்

"நீ நூறு வருசம் நல்லா இருக்கணும்டி!"

திங்கட்கிழமை காலையில் சின்னத்தாய் இப்படிக் கத்தியதும் ஊற்றடியில் நின்ற பிச்சையம்மாள் குடத்தைக் கீழே போட்டாள்.

"என் ஆயுசை எதுக்குடி எண்ணுறே? என்னத்தைச் செஞ்சு வச்சிருக்கே?"

"ஆசீர்வாதம்டி! வாங்கிக்கோ!"

உருண்ட குடத்தை எடுக்காமலே பிச்சையம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

சின்னத்தாய் திட்டியிருந்தால் அட்டுவம்பட்டியில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உருளைக்கிழங்குக் காட்டில் இருபது வருடம் மண்வெட்டி பிடித்தவள். கங்காணியின் வாய்க்கு மேலே வாய் இருந்தால்தான் அங்கே முழுக்கூலி. அந்த வாய் நாலு மாதத்துக்கு முன் ஒரு தப்பு செய்தது. பிச்சையம்மாளின் ஆடு இவள் பீன்ஸ் கொடியை மேய்ந்த அன்று, "ஒன் கை வெளங்காமப் போக!" என்று சொல்லிவிட்டது.

பிச்சையம்மாள் மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேர் அந்தக் கையில் பிறந்தவர்கள். "வெளங்காத கை இனி ஒன் வாசப்படி மிதிக்காது" என்று அன்றைக்கே பேச்சை நிறுத்தினாள்.

இப்போது சின்னத்தாயின் மகள் வடிவுக்கு நிறைமாதம். தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி டவுனில் இருந்தது. ஐம்பத்தெட்டாம் வருடத்து ஐப்பசி மழையில் இந்த மேட்டுச் சேற்றுக்கு எந்த ஜீப்பும் ஏறாது.

"சபிச்ச வாயாலேயே ஆசீர்வதிங்க. மிச்சத்தைக் கர்த்தர் பாத்துக்குவாரு" என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் உபதேசியார் சொல்லியிருந்தார். குரலை மாற்றச் சொல்லி அவர் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சின்னத்தாய் வேலிக்கு மேலே எம்பி ஆட்டை ஆசீர்வதித்தாள். "இந்த ஆடு வயிறு நெறஞ்சு வாழட்டும்!"

அன்று சாயங்காலமே ஆடு ஈர முட்டைக்கோஸ் இலையைத் தின்று வயிறு உப்பிக் கிடந்தது.

"பாத்தீங்களா! நெறையட்டும்னா, நெறஞ்சு போச்சு!" என்று பிச்சையம்மாள் தெருவையே கூட்டினாள். அவள் நிலைப்படியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

புதன்கிழமை வெள்ளனே எழுந்த சின்னத்தாய், அந்த எலுமிச்சம்பழத்துக்குக் கீழேயே முழங்காலிட்டாள்.

"கர்த்தாவே! ஒம்ம தூதர்களைக் கொண்டாந்து இவ வாசல்ல நிறுத்தும்!"

உள்ளேயிருந்து அலறல். "யாரைடி நிறுத்துறே? எத்தனை பேரு? நான் அய்யம்பாளையத்துல எங்கக்கா வீட்டுக்குப் போறேன். இனி இந்த மலையில எனக்கு இருப்பு இல்லை. மத்தியான பஸ்சு!"

சின்னத்தாய் எழுந்தாள். உபதேசியார் வீட்டுக்கு ஓடினாள்.

"ஐயா! வாழ்த்தி வாழ்த்தி அவளை மலையை விட்டே எறக்குறேன்யா! எம் புள்ளைக்கு யாருங்க இருக்கா?"

உபதேசியார் வெகுநேரம் தாடையைத் தடவினார். "நீ போ தாயி. நான் வந்து ஜெபம் பண்றேன்."

மத்தியானம் சொன்னபடி வந்தார். வடிவு நாலாவது அவித்த கிழங்கை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். "குடிக்கக் கொஞ்சம் ஊத்துத் தண்ணி கொண்டா தாயி" என்று சின்னத்தாயை அனுப்பினார்.

அவள் குடத்தோடு திரும்பி வாசலை மிதிக்கவும், "அம்மோவ்!" என்று ஓர் அலறல். தகரக் கூரையே அதிர்ந்தது. உபதேசியார் பாயருகே முழங்காலில் இருந்தார்.

"ஓடு தாயி! பஸ்சு கெளம்பப் போகுது!"

சின்னத்தாய் சேற்றில் இரண்டு தடவை விழுந்து எழுந்து ரோட்டுக்கு வந்தாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் மூட்டையோடு பிச்சையம்மாள்.

"வடிவுக்கு வலி கண்டுருச்சுடி! எறங்கு!"

"வெளங்காத கை எதுக்கு? ஒன் தூதரைக் கூப்பிட்டுக்கோ!"

கண்டக்டர் விசில் ஊதினார். மூன்று நாளாக அடக்கிவைத்த வாய் அங்கே உடைந்தது.

"அடி எடுபட்டவளே! நாசமாப் போறவளே! ஒன் ஆடு தின்னது பீன்சு, நான் தின்னது ஒன் கையை! அந்தக் கை நல்லாருக்கணும்டி! எம் புள்ளை மூச்சில்லாம பொறந்தப்ப தட்டித் தட்டி அழவச்ச கைடி அது! நீ எனக்கு வராட்டியும் போ. அந்தக் கை ஊருக்கெல்லாம் வெளங்கணும்…" சின்னத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிச்சையம்மாள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூட்டையை ஜன்னல் வழியே வீசினாள். அது நேராகச் சின்னத்தாயின் மார்பில் வந்து விழுந்தது.

"தூக்கிட்டு வெரசா வாடி! சுடுதண்ணி வச்சியா?"

"மறந்துட்டேன்டி!"

"வசவு மட்டும் ஒண்ணுகூட மறக்கலை!"

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மேடேறினார்கள். ஒருத்தி வழுக்கினால் இன்னொருத்தி இழுத்தாள். பிச்சையம்மாள் உள்ளே நுழைந்ததுமே உபதேசியாரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு வடிவின் வயிற்றைத் தடவினாள். ஒரு பக்கம் அமுக்கினாள், மறுபக்கம் அமுக்கினாள். முகம் சுருங்கியது.

"என்னடி? சொல்லுடி!" சின்னத்தாய் அவள் தோளை உலுக்கினாள்.

"இது வலியே இல்லைடி. புள்ளை இன்னும் எறங்கவே இல்லை. பத்து நாளு கெடக்கு!"

இருவரும் வடிவைப் பார்த்தார்கள். அவள் போர்வைக்கு அடியிலிருந்து ஐந்தாவது கிழங்கை மெல்ல வெளியே எடுத்தாள்.

"என்னைய ஏன் பெரியம்மா மொறைக்குறீங்க? 'ஜெபத்தை நான் பாத்துக்கறேன், கத்துறதை நீ பாத்துக்கோ'ன்னு உபதேசியார்தான் சொன்னாரு."