உப்புப் போடாத சாம்பார்

ஆம்பூர்ப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் பத்திரத்தைக் கேட்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்கள். தாகம் என்று நினைத்துவிடக் கூடாது. தோல் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான எனக்கு (அதுவும் வேதியியல்) காட்பாடியில் புது வீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது.

“மொதல்ல இத வித்துரலாம்மா, அப்புறம் அத வாங்கலாம்” என்று கையெழுத்துக்கு முன்பே சொன்னார் அப்பா. தோல் கம்பெனியில் காலமெல்லாம் உழைத்து அவர் கட்டியது இந்த ஆம்பூர் வீடு.

“உங்களுக்கு மார்க்கெட் புரியாதுப்பா. நம்ம வீடு ஒரே மாசத்துல போய்டும்.”

(எந்த மார்க்கெட் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.)

மாதங்கள்தான் போயின. வந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள், முகம் சுளித்தார்கள், “யோசிச்சு சொல்றோம்” என்று செருப்பைத் தேடினார்கள். என் சம்பளம் வந்த வேகத்தில் வங்கிக் கடனுக்குப் போனது. புது வீடு பூட்டிக் கிடந்தது. பழையது விற்றால்தான் மூன்று பேரும் அங்கே குடிபோக முடியும்.

அப்போதுதான் நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வருவதாகத் தரகர் சொன்னார். என் படிப்பு விழித்துக்கொண்டது. மாடித் தொட்டியைக் காலி செய்தேன். லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினேன். போர் மோட்டாரை நிறுத்தினேன்.

“இன்னாம்மா இது, ஏமாத்துற மாதிரி?” என்றார் அப்பா.

“உபசாரம்ப்பா” என்றேன்.

வந்த பெண்மணி நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, டம்ளரில் பிடித்துக் குடித்தார். முகம் மலர்ந்தது. “இங்க இப்படி ஒரு தண்ணியா! ஏங்க, இதையே முடிச்சிரலாம்” என்றார். நான் அப்பாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். பூரிப்பில் என் அம்மா, “சாப்புட்டுத்தான் போவணும்” என்று அவர்களை உட்கார வைத்துவிட்டார்.

முதல் கவளத்திலேயே அந்தம்மா நிதானித்தார். கணவர் பொரியலைத் தொட்டார், ரசத்தைத் தொட்டார், பிறகு அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார். “சாருக்கு பி.பி.ங்களா? எதுலயும் உப்பே இல்ல.”

அம்மா ஒரு சொட்டு சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்த்துப் பதறிப்போனார். “ஐயோ, மன்னிச்சிருங்க! எங்க வீட்டுத் தண்ணிக்கு உப்பு போட்டே பழக்கம் இல்லீங்க, அதுலயே ஜாஸ்தியா இருக்கும். இன்னிக்கு லாரித் தண்ணின்றத மறந்தே போய்ட்டேன்!”

இலையில் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று அந்த நல்ல மனிதர் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. போகும்போது அவர் மனைவி மட்டும் என்னிடம், “நீ படிச்ச பொண்ணாம்மா?” என்று கேட்டார்.

வீடு இன்றுவரை விற்கவில்லை. பூட்டிப்போட்டால் இன்னும் விலை போகாது என்று அப்பா அங்கேயே தங்கிவிட்டார். கடன் கட்டுகிற வீட்டைப் பூட்டி வைக்க மனமில்லாமல் நான் காட்பாடிக்கு வந்துவிட்டேன், அம்மா என்னோடு. கல்யாணமான நாளிலிருந்து பிரிந்தே இராத இருவரும் இப்போது சண்டை போடுவதற்குக்கூட போன் செய்ய வேண்டியிருக்கிறது. அம்மா இன்னமும் பாதி நாள் உப்புப் போட மறக்கிறார். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வருவார். வாசலிலேயே நின்று, யாரோ வீடு பார்க்க வந்தவர் மாதிரி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். கொடுத்தால் வாயில் வைத்துக் கொப்பளித்து, ரசித்து விழுங்கிவிட்டு என்னிடம் சொல்வார்:

“தண்ணி நல்லாருக்குதும்மா. வீடு புடிச்சிருக்குது. எங்க பழைய வீட்ட வித்துட்டு வந்துர்றோம்.”

நாங்கள் மூவரும் சிரிப்போம். சாயங்காலம் அவர் ஆம்பூர் பஸ் ஏறிவிடுவார்.