முறை தவறாத சாட்டிலைட்

படிப்பை முடித்த முதல் வருடத்தில் ஒருவனுக்கு இருக்கும் அறிவு அதன் பிறகு எப்போதும் இருப்பதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரியும். கேட்காத கேள்விக்கும் தெரியும். எனக்கு அந்த வியாதி எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டில் முற்றியது. வைத்தியமும் அங்கேயே நடந்தது.

அப்போது சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. (தற்காலிகம் என்பது எனக்கும் என் பேராசிரியருக்கும் மட்டுமே தெரியும். தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் ‘சயின்டிஸ்ட்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டோம்.) அந்த வருடம் அமெரிக்காக்காரர்கள் ராடார் பொருத்திய ஒரு செயற்கைக்கோளை மேலே அனுப்பியிருந்தார்கள். அது கடலை நோக்கி ஓர் அலையை அனுப்பும். அலை போய்த் திரும்பும் நேரத்தை வைத்து, கடல் மட்டம் எவ்வளவு உயரம் என்று கணக்குப் போடும்.

சிக்கல் என்னவென்றால், எந்த அளவுக் கருவியும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு நிற்காது. காய்கறிக் கடைத் தராசில் ஒன்றும் வைக்காதபோதே முள் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறதே, அந்த ஆட்டத்துக்கு எங்கள் பாஷையில் இரைச்சல் என்று பெயர். (சத்தம் எதுவும் வராது.) பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, “மேலே இருக்கிறவன் எவ்வளவு ஆடறான், கீழே இருக்கிற நாம எவ்வளவு ஆடறோம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுச் சொல்லு. அது போதும்” என்றார். செயற்கைக்கோள் மூன்று நாளைக்கு ஒருமுறை எங்கள் தலைக்கு மேல் போகும் என்று சொல்லி, போகும் நாட்களையும் குறித்துக் கொடுத்தார்.

பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்வாய். அதில் பனை மரத் துண்டு ஒன்றை நட்டு, அதோடு ஓர் இரும்புக் குழாயைக் கட்டினேன். குழாய்க்குள் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். மேலே மெதுவாகச் சுற்றும் உருளைக் காகிதத்தில் ஒரு பேனா அதைக் கோடாக வரையும். மரத்தை நட உதவியவர் வடக்குக் குப்பத்து எத்திராஜ். அவர் வீட்டில்தான் நான் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். “எவ்ளோ ஆழம் சார் எறக்கணும்?” என்று கேட்டார். “பூகம்பம் வந்தாலும் அசையக்கூடாது” என்றேன். அப்படியே இறக்கிக் கொடுத்தார்.

அந்த ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். அதனால் மூன்று குப்பங்களும் முறை வைத்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் வடக்குக் குப்பம், மறுநாள் நடுக்குப்பம், அதற்கடுத்த நாள் தெற்குக் குப்பம், பிறகு மறுபடி வடக்கு. இந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு குப்பத்தின் நாளில் மற்ற குப்பத்து வலை அங்கே இறங்காது. இது நான் போன முதல் வாரமே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சில வாரங்கள் காகிதங்களைச் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு நாள் கோடு வழவழப்பாகப் போகிறது. மூன்றாம் நாள் குளிர் ஜுரம் வந்தவன் கையெழுத்துப் போல நடுங்குகிறது. மறுபடி இரண்டு நாள் சாது. மறுபடி நடுக்கம். நடுங்கிய நாட்களைச் செயற்கைக்கோள் போகும் நாட்களோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. ராடார் அலை மேலிருந்து கடலைக் குத்துகிறது என்று முடிவுக்கு வந்தேன். அந்த அலைக்கு ஒரு கொசுவை அசைக்கும் பலம்கூடக் கிடையாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். பேர் வாங்கும் ஆசை வந்துவிட்டால் வாங்கிய மார்க் ஞாபகத்துக்கு வருவதில்லை.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எத்திராஜ் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நேத்து மேலே ஒரு சாட்டிலைட் போச்சு. அது போகிற நாளெல்லாம் தண்ணி நடுங்குது.”

“நேத்தா? நேத்து எங்க பாடாச்சே” என்றார்.

“மூணு நாளைக்கு ஒருதடவை போகுதுண்ணே. முறை தவறாது.”

அவர் வலையைக் கீழே வைத்தார். விரல் விட்டு எண்ணினார். “அப்ப எங்க பாடு அன்னிக்கு மட்டும்தான் வர்றான். அதான் கொஞ்ச நாளா எறா சிக்கல. இன்னா சார், தண்ணி நடுங்கினா எறா ஓடிடுமா?”

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் தெரியாது என்று சொல்லியிருப்பான். நான் “இருக்கலாம்” என்றேன். அந்த ‘இருக்கலாம்’ அடுத்த தெருவுக்குப் போவதற்குள் ‘ஆமாம்’ ஆகிவிட்டது.

வடக்குக் குப்பத்தில் உண்மையிலேயே அந்தப் பருவம் மோசம். பிடிபட்டது சோற்றுக்கே இழுபறியாக இருந்தது. அதனால் யாரும் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டே நாளில் அம்மன் கோயில் முன்னால் மூன்று குப்பமும் கூடிவிட்டது. பொதுத் தலைவர் கன்னியப்பன் நடுவில் உட்கார்ந்திருந்தார். நிபுணர் என்ற முறையில் என்னையும் உட்கார வைத்தார்கள். நான் ஒரு வலை மிதவையைக் கையில் எடுத்து என் தலையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி விளக்கினேன். (அந்தக் காட்சியை இன்று நினைத்தாலும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.)

தெற்குக் குப்பத்து வேலாயுதம் எழுந்தார். “மேல போறவன் எங்க ஊட்டு மேலயும்தான் போறான். அவங்களுக்கு மட்டும் இன்னா கஷ்டம்?”

எத்திராஜின் மனைவி சரோஜா பெண்கள் பக்கத்திலிருந்து பதில் சொன்னார். “எங்க நாள்லதான வர்றான்? ஒரு தபா உங்க நாள்ல வரச் சொல்லு, தெரியும்.” பிறகு என்னைப் பார்த்து, “சார், நீங்களே எழுதிப் போட்டு நாளை மாத்திக்கச் சொல்லுங்களேன்” என்றார்.

“அவங்க கேக்க மாட்டாங்கம்மா” என்றேன், ஏதோ போன வாரம்தான் பேசிப் பார்த்தவன் மாதிரி.

கன்னியப்பன் தீர்ப்புச் சொன்னார். “நல்லதையும் கெட்டதையும் பங்கு போட்டுக்கத்தான் பாடு வெச்சிருக்கோம். இதயும் பங்கு போட்டுக்குவோம். வர்ற அமாவாசைக்கு மூணு குப்பமும் தொழிலுக்குப் போவாதீங்க. பாடு ஒரு நாள் தள்ளிக்கும். சாட்டிலைட்டு தெக்குக் குப்பத்து நாளுக்கு வந்துடும். அடுத்த அமாவாசைக்கு இன்னொரு நாள் தள்ளுவோம், நடுக்குப்பம் அனுபவிக்கட்டும்.”

அமாவாசை நீரோட்டத்தில்தான் இறால் அள்ளும். அந்த நாளை விடுவது சாதாரண விஷயமில்லை. வேலாயுதம் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அமாவாசையன்று ஏரியில் ஒரு படகு இல்லை. என் விஞ்ஞானத்துக்காக மூன்று குப்பம் அடங்கிக் கிடப்பதைக் கரையில் நின்று பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. செயற்கைக்கோள் இப்போது தெற்குக் குப்பத்தின் நாளில் போக வேண்டும். அன்று பேனா வழவழவென்று கோடு போட்டது. மறுநாள், வடக்குக் குப்பத்தின் நாளில், நடுங்கியது. இன்னொரு சுற்று பார்த்தேன். அதே கதை. அதாவது நடுக்கம் செயற்கைக்கோளை விட்டுவிட்டு வடக்குக் குப்பத்தோடு போய்விட்டது.

அதுவரை நான் காகிதம் மாற்றப் போனதெல்லாம் சாயங்காலத்தில். (காலையில் விஞ்ஞானி தூங்குவார்.) வடக்குக் குப்பத்தின் அடுத்த நாளில் விடிந்ததும் கிளம்பிப் போனேன். கடல் ஏற்றம் முடிந்து தண்ணீர் திரும்புவதற்காகப் படகுகள் கால்வாயில் காத்துக்கொண்டிருந்தன. முதல் படகின் கயிறு என் பனை மரத்தில். அடுத்த படகு அந்தப் படகில். அதற்கடுத்தது அதில். இப்படி வடக்குக் குப்பமே வரிசையாக என் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் மரம் ஒரு தலையாட்டல். மற்ற இரண்டு குப்பங்களும் வேறு பக்கத்திலிருந்து வருகிறவர்கள், அவர்கள் இந்தக் கால்வாய்க்கே வருவதில்லை.

முதல் படகில் எத்திராஜ் கையைத் தூக்கினார். “வா சார். உன் மரம் மாதிரி கெட்டி மரம் இந்த ஏரியிலயே கெடையாது. எங்களுக்கு ரொம்ப சவுரியம்.”

அன்றைக்கே பஸ் பிடித்துச் சென்னைக்கு ஓடினேன். பேராசிரியர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அந்த சாட்டிலைட்டா? அது செத்துப் போச்சேப்பா. மேலே போன மூணே மாசத்துல உள்ளே கரண்ட் போய்டுச்சாம். உனக்குச் சொல்லி அனுப்பணும்னு நெனச்சேன்.”

“எப்ப சார்?”

அவர் சொன்ன தேதியை வைத்துக் கணக்குப் பார்த்தால், நான் தலையைச் சுற்றி மிதவையைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே அது செத்துப்போயிருந்தது. இல்லாத ஒன்றின் தொல்லையை மூன்று குப்பம் நியாயமாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. “போய்ச் சொல்லிட்டு, குழாயைக் கழட்டிக்கிட்டு வந்துடு” என்றார் பேராசிரியர். சொல்லாமல் குழாயை மட்டும் கழற்றிக்கொண்டு வர வழி உண்டா என்று பஸ் முழுக்க யோசித்தேன். ஆனால் அடுத்த அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் இன்னொரு நாளும் போய்விடும்.

மறுபடி கோயில் முன்னால் கூட்டம். இந்தத் தடவை என்னை உட்காரச் சொல்லவில்லை. மரம் ஆடியதையும் சொன்னேன், செயற்கைக்கோள் செத்ததையும் சொன்னேன். எத்திராஜ் கயிறு கட்டிய தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

“அமாவாசை ஓட்டத்த வுட்டோமே சார்” என்றார் வேலாயுதம். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்தினோம் அன்னிக்கு. மரத்தப் புடுங்கிட்டு இவர பஸ்ஸு ஏத்துங்க தலைவரே.” அவர் சொன்னதில் தப்பே இல்லை.

கன்னியப்பன் என்னிடம் கேட்டார். “அது செத்தது அமாவாசைக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிங்க.”

“செத்ததுக்கு அப்பறம்தான் நாம தொழில நிறுத்தியிருக்கோம்.”

“ஆமாங்க.”

“அப்ப சரிதான். சாவு விழுந்தா ஒரு நாளு யாரும் தொழிலுக்குப் போவக்கூடாதுன்றது நம்ம கட்டுப்பாடு. நிறுத்துனது முறைதான். இதுல யாருக்கும் நஷ்டக் கணக்கு கெடையாது. போயிட்டு வாங்க.”

உண்மையிலேயே அங்கே அப்படித்தான். குப்பத்தில் ஒருவர் இறந்தால் அன்று ஒரு படகும் இறங்காது. பெண்கள் பக்கம் முதலில் சிரிப்புக் கிளம்பியது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வேலாயுதம் மட்டும் சிரிக்கவில்லை.

“சாவுன்னா கருமாதி வேணும்ல தலைவரே. கொள்ளி போட்டவன் யாரு? முடி எறக்குறது யாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அதுக்குச் சொந்தம்னு இங்க இருக்கறது சாரு ஒருத்தர்தான்” என்றார் கன்னியப்பன்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் என்னை உட்கார வைத்து மொட்டையடித்தார்கள். முதல் கொத்து முடி விழுந்தபோது வேலாயுதம் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, நிம்மதியில். சரோஜா இறால் தொக்கும் சோறும் ஆக்கியிருந்தார். வேலாயுதமே என் இலையில் இரண்டாம் தடவை அள்ளி வைத்தார்.

ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் என் தலையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். “அடடா. வீட்டுல யாருப்பா?”

“சாட்டிலைட், சார்.”

அவர் என் வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்தார். மேலே இருந்தவனைவிடக் கீழே இருந்தவன்தான் அதிகம் ஆடினான் என்பது ஆய்வின் முடிவு.

அதோடு முடியவில்லை. பெண்ணின் தாய்மாமன் என்னைப் பாரிமுனையில் பஸ்ஸுக்குள் பார்த்துவிட்டார். மொட்டைத் தலையோடு மாப்பிள்ளை என்றால் வீட்டில் பெரிய சாவு, அதை மறைத்துக் கல்யாணம் செய்யப் பார்க்கிறார்கள் என்று பெண் வீடு இருந்த செங்கல்பட்டு வரை செய்தி போய்விட்டது. வருடம் திரும்பும்வரை கல்யாணப் பேச்சே கிடையாது என்றார்கள். என் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய், அவர்கள் வாசலில் நின்று, தான் உயிரோடு இருப்பதைத் தெரிவித்தார். “அப்ப சம்பந்தியம்மா?” என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

கல்யாணம் தையிலேயே நடந்தது. போட்டோவில் என் தலை அறுவடையான வயல் மாதிரி இருக்கும். யாராவது விசாரித்தால் என் மனைவி, “இவருக்கு நெருங்கின சொந்தம் ஒருத்தர். எப்பவும் மேலேயே இருப்பார், யார் வீட்டுக்கும் வந்ததில்லை” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். போன வருடம் புது மருமகன் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்தப் போட்டோ முன்னால் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எந்த வயசுல தவறினாருங்க மாமா?” என்று கேட்டார்.

“மூணு மாசம் இருக்கும்” என்றேன்.

இன்றுவரை அவர் என்னோடு தனியாக உட்கார யோசிக்கிறார்.