முதல் பெயர்க்காரன்

என்னோடு கல்லூரியில் படித்த விருத்தாசலம் இறந்துபோய்விட்டான் என்ற செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு வந்தது. கோலியனூரிலிருந்து சைக்கிளில் வந்த அவன் தம்பி சின்னதுரை, ஒரு காலை வாசலில் ஊன்றியபடியே, "அண்ணன் பூட்டாருண்ணா. காமாலைன்னாங்க" என்றான். ஏழு மணிக்கெல்லாம் நான் அனுதாபக் கூட்டத்தில் என்ன பேசலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆகவே என் இனத்தை உங்களிடம் மறைத்துப் பயனில்லை. நான் முதல் பெயர்க்காரன்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இஞ்சினியரிங் கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்க இரண்டு மாணவர்கள் மேடையேறுவார்கள். ஒருவன் புரொஜெக்டர் பக்கத்தில் குனிந்து பிளாஸ்டிக் தாள்களை மாற்றிக்கொண்டிருப்பான். ஆராய்ச்சி செய்தவன் அவன்தான். மற்றவன் இரவல் டை கட்டி, மைக்கை இரண்டு முறை தட்டி, நடுவர்களை வணங்கி, மரஸ்கேலால் திரையைக் குத்திக் காட்டி, நேரம் முடிந்து மணி அடித்ததும் "முடிவாக" என்று தொடங்கி இன்னும் ஆறு நிமிடம் பேசி, யாராவது கேள்வி கேட்டால் "அருமையான கேள்வி" என்று பாராட்டுவான். பதில்? அது எதிர்கால ஆய்வுக்கு உரியது. எனக்குத் தெரியாத எல்லாவற்றையும் நான் எதிர்காலத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறேன்.

எண்பத்தேழில் விழுப்புரத்தில் எங்கள் கருத்தரங்கு. கல்லூரி புதிது, அரங்கம் கிடையாது. கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்து மணமேடையில் திரை கட்டியிருந்தார்கள். காலால் மிதித்து வேர்க்கடலைத் தோலை உடைக்கும் எங்கள் இயந்திரத்தைப் பற்றிய கட்டுரை. 'எங்கள்' என்கிறேன், கவனித்தீர்களா? வரைந்தது விருத்தாசலம். வெல்டிங் வைத்தது விருத்தாசலம். மூன்று மாதம் மிதித்துப் பார்த்து, முழுப் பருப்பையும் உடைந்த பருப்பையும் முறத்தில் பிரித்து எண்ணியது அவன் அம்மா வெள்ளையம்மாள். நான் தலைப்பு வைத்தேன்.

கட்டுரையில் சக்கரபாணி என்ற என் பெயர் முதலில், விருத்தாசலம் அடுத்து. "இங்கிலீஷ் ஆர்டர்டா, நான் இன்னா பண்றது?" என்றேன். தலையாட்டினான்.

வாசித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். துரைக்கண்ணு, திண்டிவனத்தில் ஏர்க்கலப்பை, விதைக்கருவி செய்யும் பட்டறைக்காரர்.

"தம்பி, நூறு பருப்புல எத்தினி உடையுது? அத்தச் சொல்லு, நாளைக்கே பத்து மிஷின் போடறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விருத்தாசலம் அந்த இயந்திரத்தையே செய்தான். "ஏழுடா! சொல்றா!" என்று புரொஜெக்டர் பக்கத்தில் குனிந்தபடியே கிசுகிசுத்தான். தாள் மாற்றுகிறவன் எடுத்துக் கொடுத்து நான் பதில் சொல்வதா?

"அருமையான கேள்வி. இது எங்கள் எதிர்கால ஆய்வில் இடம்பெறும்."

"அப்ப எதிர்காலத்துல வந்து பாக்கறேன் தம்பி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. எவர்சில்வர் கோப்பை எனக்குக் கிடைத்தது. பஸ் வரைக்கும் தூக்கி வந்தது அவன்.

பஸ்ஸில் நான் நியாயஸ்தனானேன். "ஏண்டா கம்முனு நின்ன? மைக்ல நீயே சொல்லியிருக்கலாம்ல?"

"மைக்க நீ உட்டாதானடா!" என்று சிரித்தான். கொஞ்ச தூரம் போனதும் சொன்னான்: "சரி வுடு. அந்தாளுக்கு ஒரு லெட்டர் போட்டுடு. ஏழுன்னு எழுது, போதும். எனக்கு லெட்டர்லாம் எழுத வராது."

"நாளைக்கே போடறேன்."

இரண்டு வருடம் எங்கே பார்த்தாலும் அவன் கேட்டது ஒரே சொல்: "லெட்டரு?" நான் சொன்னதும் ஒன்றுதான்: "எழுதிக்கினே இருக்கேன்டா." இயந்திரம் அவன் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அதன் மேல் கோழி படுக்கிறது.

அனுதாபப் பேச்சை எழுதிவிட்டேன். நாலு பக்கம். படித்துப் பார்த்ததில், விருத்தாசலம் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறான்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அடுப்படியில் ஒருத்தி வெந்துகொண்டிருக்க, கூடத்தில் விருந்தாளியிடம் "நம்ம வீட்டுக் குழம்பு எப்படி?" என்று கேட்டவர் யார்? குமாஸ்தா எழுதிய அறிக்கையில் "யாம் ஆய்ந்தவரை" என்று கையெழுத்துப் போட்டவர் யார்? நீங்கள் பேசும்போது பக்கத்தில் குனிந்து தாள் மாற்றுகிறவர் யாரென்று ஒரு தரம் பாருங்கள். பார்க்க ஆளே இல்லையென்றால் குனிந்திருப்பது நீங்கள், உங்களுக்குப் பயமில்லை.

துரைக்கண்ணுவுக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் வாங்கி, வெளியே திண்டிவனம் முகவரியை எழுதிவிட்டேன். உள்ளே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.