அப்பாவை நோயாளியாக்கிய நோட்டீஸ்

நன்றாகக் கட்டுரை எழுதுகிற பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஆபத்து நான்தான்.

பாறசாலைப் பக்கம், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு ஞாயிறு மதியம் பொதிச்சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் சங்கம் ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் சோற்றை வாழையிலையில் கட்டி, வீட்டுக்கு ஒரு பொதி தரவேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பொதிகள் குறைந்துபோனதால், மனதை இளக்கும்படி நோட்டீஸ் எழுத எங்கள் வகுப்பு டீச்சர் எங்களைப் பழக்கினார்.

"ஏழைங்கன்னு பொதுவா எழுதினா ஒருத்தரும் அனங்கமாட்டாங்க மக்கா. கண்ணால கண்ட ஒரு ஆளை எழுது."

நான் தினமும் கண்ட ஆள் அப்பா. டைல்ஸ் கடையில் இரவுக் காவல்; பகலெல்லாம் கட்டில். 'பகலிலும் கண் திறக்க முடியாமல் ஒருவர் கிடக்கிறார். யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் அவருக்குக் கஞ்சி' என்று எழுதினேன். (ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.) டீச்சர் கண் கலங்கி அதையே அச்சடிக்கக் கொடுத்தார். பொதிகளைக் கொண்டுவந்து கொடுக்கும் இடமாக, பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருந்த எங்கள் வீட்டையே போட்டார்கள்.

ஞாயிறன்று அம்மா பூசைக்குப் போயிருந்தாள். பொதியோடு வந்தவர்கள், அவற்றை வாங்கிவைக்க நான் வாசலில் போட்டிருந்த மேசையைக் கவனிக்கவே இல்லை. முன்னறையில் வாய் பிளந்து தூங்கிய அப்பாவைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவர் தலைமாட்டில் பொதியை வைத்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ரோஸம்மா அக்கா நாடி பார்க்கக் கையைப் பிடித்ததும் அப்பா விழித்தார். சுற்றிலும் ஊர், தலைமாட்டில் சோறு.

"எனக்கு என்ன ஆச்சு?" என்றார் பயந்துபோய்.

"ஒண்ணும் இல்லே. எழும்பாண்டாம், அனங்காம கெடயுங்க" என்று அக்கா அவரைத் திரும்பப் படுக்கவைத்தார்.

அப்போதுதான் சங்கத்து வேன் வந்தது. டிரைவர் பொதிகளை எடுக்கப் போனதும், "கெடப்புல உள்ள மனுசனுக்குக் கொண்டாந்ததையா எடுக்கீங்க?" என்று மறித்தார்கள். உச்சி நேரமாகிக்கொண்டிருந்தது. உண்மையான நோயாளிகள் பசியோடு காத்திருப்பார்களே என்று எனக்கு அழுகை வந்தது.

"அப்பாவுக்குச் சூக்கேடு ஒண்ணும் இல்லே, ராத்திரி காவலாக்கும்" என்றேன்.

"பாவம், பிள்ளைக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்காங்க" என்று ஒருவர் என் தலையைத் தடவினார்.

கடைசியில் அப்பாவே எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டி, பொதிகளைப் பனையோலைக் கடவத்தில் அடுக்கி, தலையில் சுமந்து வேனில் ஏற்றினார். நோயாளிகளுக்கு நேரத்துக்குச் சோறு போய்ச் சேர்ந்தது. ஊர் மட்டும் நம்பவில்லை. "சோறு வந்த உடனே எழும்பிட்டாரு" என்றுதான் பேச்சு. அதற்குப்பின் சங்கத்துக்குப் பொதிக்குப் பஞ்சமே வந்ததில்லை.

ரோஸம்மா அக்கா இன்றும் வழியில் கண்டால் அப்பாவின் நாடியைப் பார்க்காமல் விடுவதில்லை. அப்பாவோ, நான் எதையாவது எழுத உட்கார்ந்தால் போதும், பின்னால் வந்து நின்றுகொண்டு கேட்கிறார்:

"மக்கா, இதுல நான் கெடக்கேனா, நடக்கேனா?"