கிராபீன் வரட்டும்

வரட்டும்காரரை உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அடுத்த மாதம் இதைவிடத் திறமான போன் வருகிறது என்று சொல்லிக்கொண்டு, கண்ணாடி வெடித்த பழைய போனைக் காதில் அழுத்தி, "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்துகிறவர் அவர்தான். சூரிய ஒளியில் கரண்ட் எடுக்கும் தகடு விலை இறங்கப்போகிறது என்று எங்கோ கேள்விப்பட்டு, அது இறங்கும்வரை மாதாமாதம் கரண்ட் பில்லை ஏசிக்கொண்டே கட்டுகிறவரும் அவர்தான். உலகத்தில் இனி என்னென்ன வரப்போகிறது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஏற்கனவே வந்து கண்ணுக்கு முன்னால் கிடப்பதைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாவம், விபரம் தெரியாத ஆள் என்று உங்களைப் பார்ப்பார்.

இவர்களில் பல வகை உண்டு. எல்லாரையும்விட உயர்ந்தவர் வைத்தியத்துறை வரட்டும்காரர். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஆதம்பாவா அந்த உயரத்தில் ஏறி, வசதியாகச் சாய்ந்தும் உட்கார்ந்துவிட்டவர்.

ஆதம்பாவா கத்தாரில் வேலை செய்து திரும்பியபோது, அவருடைய இரத்தத்தில் ஈரலைக் கெடுக்கும் ஒரு கிருமி இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். மட்டக்களப்பில் அவரைப் பார்த்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இது சும்மாவும் கிடக்கும், ஒருநாள் புற்றுநோயாகவும் மாறும். மாறினால் தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஆதம்பாவா தலையாட்டினார். கொஞ்சக்காலம் ஒழுங்காகவும் போனார். பிறகு ஒரு காலை, கிளினிக்குக்குப் போகும் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும் நேரத்தில், அவருடைய போனில் ஒரு வீடியோ வந்தது. அதில், ஒரு துளி இரத்தத்திலேயே புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் கிராபீன் வந்தது.

பாலம் தாண்டியதும் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, ஊருக்குப் போகும் முதல் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்தபிறகு ஊசி குத்திக்கொள்ள அவர் என்ன முட்டாளா?

அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும், சாரன் வாங்க வந்தாலும், பிள்ளைக்குப் பள்ளிக்கூட வெள்ளைத்துணி வாங்க வந்தாலும், மழைக்கு ஒதுங்கி வெறுமனே நின்றாலும், கிராபீனைக் கேட்காமல் வெளியே போக முடியாது என்றாயிற்று. கரடியனாற்றிலிருந்து வேட்டி வாங்க வந்த விவசாயி வினாயகமூர்த்தியும் ஒருநாள் அகப்பட்டார்.

"அண்ணன், இந்தா இந்த மல்துணியப் புடிங்க. மெல்லிசா? கிராபீன் எண்டது கரியில நெய்த துணி மாதிரி. இதவிட லட்சம் மடங்கு மெல்லிசு. ஒரு அணுதான் தடிப்பு! அதுல சின்னச் சின்னக் கொழுக்கி மாதிரி ஒரு சாமான ஒட்டி வச்சிரிக்காங்க. ஈரல்ல கேன்சர் வந்தா ரத்தத்தில ஒரு புரதம் கூடும். அந்தப் புரதம் வந்து கொழுக்கியில மாட்டும். மாட்டின உடன கரண்ட் மாறும், மெசின் சொல்லிப்போடும். ஒரு துளி ரத்தம் போதும், துளி!"

வினாயகமூர்த்தி மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"நல்லது முதலாளி. மீற்றர் என்ன விலை வரும்?"

"அது இன்னும் வரல்ல."

"அப்ப வேட்டியத் தாங்க."

ஊரெல்லாம் கிராபீன் படித்தது. ஆதம்பாவாவின் வீட்டில் மட்டும் அது எடுபடவில்லை. அவருடைய மனைவி சித்தி நபீஸாவுக்குத் தெரிந்ததெல்லாம், மனிதர் கிளினிக்குக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்பதும், இப்போது அரைச் சோற்றில் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிறார் என்பதும்தான். கண் மஞ்சளாகிறதா என்று அவர் பேப்பர் வாசிக்கும்போது பக்கவாட்டில் நின்று பார்ப்பாள். அவளுக்குப் பயம். வாய்விட்டுக் கேட்டாலோ மறுமொழி தயாராக இருக்கும்.

"குழாய் நிறைய ரத்தத்த உறிஞ்சி எடுத்துப்போட்டு, ஒரு கிழம காக்க வைக்கிறதெல்லாம் பழைய காலம் புள்ள. கிராபீன் வரட்டும்."

வந்தது. அதுதான் அவருக்கு நடந்த அநியாயம்.

ஆதம்பாவாவின் தங்கை மகள் இர்ஷானா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். லீவுக்கு வந்தவள், மாமாவைப் பார்க்க வந்த இடத்தில் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே நகமளவு கறுப்புச் சில்லு.

"மாமா, இது கிராபீன். நாங்க செஞ்ச சென்சர். நீங்க சொல்ற அதே வேலதான்."

ஆதம்பாவாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பெருநாள் பிறையைத் தான்தான் முதலில் கண்டதுபோல் பூரித்துப்போனார். முன்வீட்டு றவூபைக் கூப்பிட்டார், றவூபின் மனைவியைக் கூப்பிட்டார், எல்லாரும் வந்து சுற்றி நின்றபின் சுட்டுவிரலை நீட்டினார்.

"எடு மகள், ஒரு துளி!"

"இஞ்ச ஏலா மாமா. நீங்க கிளினிக்குக்குத்தான் வரணும். நர்ஸ் கையில ஊசி போட்டு, டெஸ்டுக்கு ஒரு குழாய் ரத்தம் எடுப்பா. உங்களுக்குச் சம்மதமெண்டா அதுல கொஞ்சம் எங்களுக்குத் தருவா."

"குழாயா? அதெதுக்கு?"

"எங்கட சென்சர் சரியாச் சொல்லுதா எண்டு பாக்கணுமே. வழமையான டெஸ்டோட வச்சித்தான் பாக்கிற. இது இன்னும் ஆராய்ச்சியில இரிக்கி மாமா. இத நம்பி ஒருத்தருக்கும் ரிசல்ட் குடுக்க மாட்டம். உங்களுக்கு இப்ப வேண்டியது கிளினிக்கில இரிக்கிற டெஸ்ட்தான்."

புதியது சரியா என்று தெரிய பழைய ஊசியே வேண்டுமாம்! நீட்டிய விரலை ஆதம்பாவா மெதுவாக மடக்கினார். தொண்டையைச் செருமினார். இந்த இடத்தில் வேறு யாராவது என்றால் தோற்றுப்போயிருப்பார்கள். வரட்டும்காரர் அவ்வளவு இலேசில் தோற்பவரா?

"இது முதலாவது மொடல்தானே மகள்? ரெண்டாவது வரட்டும்."

றவூப் சிரித்துவிட்டார். சித்தி நபீஸா சிரிக்கவில்லை. கொண்டுவந்த தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, இத்தனை பேருக்கு முன்னால் வழக்கத்தில் பேசாதவள் பேசினாள்.

"கடைக்கு ஒரு பொம்புள வந்து, புது டிசைன் வரட்டும் எண்டு எழும்பினா நீங்க விடுவிங்களா? வாறது வரட்டும் தங்கச்சி, பெருநாளைக்குப் புள்ள எத உடுக்கும் எண்டு கேட்டு, இருக்கிறதக் கட்டிக் குடுத்துத்தானே அனுப்புவிங்க? உங்களுக்கு ஊசிக்குப் பயமில்ல. அவங்க என்ன சொல்லுவாங்களோ எண்டுதான் பயம். எனக்கும் பயம்தான். அந்த மெசின் எனக்கு வேணாம். நீங்கதான் வேணும்."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது உண்மை. ஒவ்வொரு காலையும் தொழுகைக்கு வுழூச் செய்து முகம் கழுவும்போது, கீழிமையை இழுத்துக் கண்ணாடியில் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் ஆதம்பாவாவும்.

மறுநாள் பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டியது. பக்கத்தில் சித்தி நபீஸா இருந்ததால் இறங்க வழியில்லை. கிளினிக்கில் சட்டைக் கையை மடிக்கும்போதும் ஆதம்பாவா சும்மா இருக்கவில்லை.

"இந்த ஊசியெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் மிஸ்."

"கைய ஆட்டாதீங்க ஐயா" என்றாள் நர்ஸ்.

இரத்தத்தில் அந்தப் புரதம் கூடியிருந்தது. மேலும் பார்த்தபோது ஈரலில் கச்சான் கடலைப் பருப்பளவில் ஒன்று இருந்தது. புற்றுநோய்தான். "சின்னது. இப்ப வந்தபடியா வெட்டி எடுக்கலாம்" என்றார் டாக்டர். இப்போது வராதிருந்தால் என்ன என்று ஆதம்பாவா கேட்கவில்லை. சித்தி நபீஸாவின் கையை, இத்தனை சனத்துக்கு நடுவில், முதன்முறையாகப் பிடித்துக்கொண்டார்.

ஒப்பரேஷன் முடிந்து, அவர் திரும்பக் கடையில் உட்கார்ந்தாயிற்று. கிராபீன் பேச்சும் நிற்கவில்லை. இர்ஷானாவின் சென்சரில் தன் இரத்தமும் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறார். வரட்டும், நல்லாய் வரட்டும்.

ஆதம்பாவாவை நினைத்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். அது கிடக்க, உங்களுக்கு டாக்டர் கடைசியாக என்ன சொன்னார்? நோன்பு முடியட்டும், வெள்ளாமை வெட்டி முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நினைவூட்டிய மனைவியிடமோ மகனிடமோ, கொஞ்சம் பொறு, இதை வாசித்து முடிக்கிறேன் என்று சொல்லியிருப்பீர்கள்.

வாசித்து முடித்துவிட்டீர்கள்.