மூன்று நாட்டுச் சட்டமும் சோலூர்ப் பன்றியும்

சோலூரில் கேரட் போடுகிறவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று காட்டுப்பன்றி. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கதை.

என் பக்கத்துத் தோட்டக்காரர் வெள்ளியங்கிரி துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு ஊட்டியில் மனுக் கொடுத்தார். சுட்டுத்தள்ள ஆசையில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் பன்றிகள் ஓடிவிடும், அவ்வளவுதான். அந்தப் போகத்துக் கேரட்டை நம்பித்தான் மகள் தாரிணியை நர்சிங் படிப்பில் சேர்த்திருந்தார்.

மனு, 'பொதுமக்கள் துப்பாக்கிச் சட்ட ஒப்பீட்டுப் பிரிவு' என்ற புத்தம்புதுப் பிரிவுக்குப் போனது. அதன் அதிகாரி ஹெர்பர்ட் எதையும் ஆராயாமல் செய்ய மாட்டார். ஆராய்ந்த பிறகும் செய்ய மாட்டார். பிற நாடுகளின் நடைமுறை தெரியாமல் சோலூர்க்காரர் கையில் துப்பாக்கி தருவது முறையல்ல என்று கருதி, அரசுச் செலவில் மூன்று நாடுகளுக்குப் புறப்பட்டார். அவர் விமானம் ஏறி இறங்குவதற்குள் பன்றிகள் மேல்தோட்டத்தை முடித்துவிட்டன.

திரும்பியதும் வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

"வெடிலாண்டியாவுல எல்லாருக்கும் துப்பாக்கி உண்டு. தோட்டாவுக்குத்தான் தடை. ஒரு உயிர் போறதில்ல, தெரியுமா?" என்றார் ஹெர்பர்ட்.

"பன்னியும் போகாதுங்களே" என்றார் வெள்ளியங்கிரி.

"மொஸ்தோவாவுல தோட்டா மளிகைக் கடையிலேயே கிடைக்கும். துப்பாக்கி மட்டும் அரசாங்கத்துக்கிட்ட இருக்கும். கும்பரியாவுல ரெண்டையுமே வெச்சுக்கலாம். ஆனா யாரைச் சுடப்போறோமோ, அவங்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும். என்ன ஒரு நாகரிகம் பாருங்க!"

"இதுல நம்மளுக்கு எதுங்க?"

"ஒண்ணை மட்டும் எடுத்தா மத்த ரெண்டு நாடும் வருத்தப்படும். அதனால மூணையும் எடுத்துட்டோம்."

ஆணை கைக்கு வந்தது. வெள்ளியங்கிரி துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்; அப்போது தோட்டா இருக்கக் கூடாது. தோட்டா வைத்துக்கொள்ளலாம், அப்போது துப்பாக்கியைக் குந்தா தாலுகா ஆபீஸில் ஒப்படைத்திருக்க வேண்டும். எதிர்பாராத விதமாக இரண்டும் ஒரே இடத்தில் சேர நேர்ந்தால், சம்பந்தப்பட்ட பன்றிக்கு நோட்டீஸ் சார்பு செய்யப்பட வேண்டும்.

"பன்னிக்கு எப்படீங்க குடுக்கறது?"

"வேலியில ஒட்டுங்க. தமிழ்ல இருந்தாப் போதும்."

"அது பதில் சொல்லாட்டி?"

"விசாரணை நிலுவையில இருக்குன்னு அர்த்தம். அதுவரைக்கும் சுடக் கூடாது."

வெள்ளியங்கிரி நேர்மையான மனுஷன். மைதா மாவு காய்ச்சி ஒட்டினார். பன்றிகள் பசையோடு நோட்டீஸையும் தின்றுவிட்டு உள்ளே போய் மிச்சக் கேரட்டையும் தோண்டின. 'நோட்டீஸ் முழுமையாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஹெர்பர்ட் குறிப்பு எழுதினார். தின்ன எதுவும் இல்லாமல் போனதால் அதற்குப் பிறகு பன்றிகள் வரவில்லை. ஆகவே திட்டம் மாபெரும் வெற்றி என்று அறிவித்தார்கள்.

தாரிணி படிப்பை விட்டுவிட்டுக் குன்னூரில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறாள். அவளை அங்கே பார்த்த அன்று எனக்கே பொறுக்கவில்லை. வெள்ளியங்கிரிக்கு எப்படி இருந்திருக்கும்! ஆபீஸ் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். அரசாங்கம் மனம் இரங்கியது. அவரை ஒப்பீட்டுக் குழுவிலேயே 'பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி'யாகப் போட்டுவிட்டார்கள்.

இந்தப் போகத்தில் பன்றிகள் என் பீட்ரூட்டுக்கு வந்துவிட்டன. வெள்ளியங்கிரியிடம் ஓடினேன். மனுஷன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எனக்கொரு லைசென்ஸுக்கு நீங்க சொல்லக் கூடாதுங்களா? தோட்டம் போச்சுங்க!"

"அவசரப்படாதீங்க. நாலாவதா ஒரு நாடு பாக்கி இருக்குதுங்க. அங்க என்ன பண்றாங்கன்னு பாக்காம எப்படீங்க முடிவு பண்றது?"

என்ன மனுஷன் இவர்! வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் நினைத்தேன். திறந்து கிடந்த பெட்டியில் புது ஸ்வெட்டர் தெரிந்தது.

"ஏனுங்க," என்றேன், "பீட்ரூட் போட்டவனுக்குன்னு அந்தக் குழுவுல ஒரு எடம் இருக்குதுங்களா?"