வெயிலில் ஒளித்த கேமரா

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. என் சம்சாரம் பக்கத்து அறையில் பை தைத்துக்கொண்டிருக்கிறாள். தையல் மெஷின் ஓடுகிறவரை பேசலாம். அது நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறக்கிறவன் நான். சாவியைத் தொலைத்தவன் எவனானாலும் என் கடைக்குத்தான் வரவேண்டும். என் வீட்டில் மட்டும் பூட்டு என் வாய்க்கு. சாவி அவளிடம்.

எனக்கு ஒரு கோளாறு உண்டு. பழைய சாமானைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஓடாத கடிகாரம் ஆறு, பாடாத ரேடியோ மூன்று, யார் கூப்பிட்டாலும் வாய் திறக்காத டெலிபோன் ஒன்று. ஓர் அலமாரி நிறையச் சேர்த்துவிட்டேன். போன மாதம் அவள் அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இன்னும் ஒரே ஒரு பழசு இந்த வாசப்படி ஏறட்டும். அலமாரியோட எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்.”

“சத்தியமா இனிமே எதையும் வாங்க மாட்டேன்.”

“யார் மேல சத்தியம்?”

“உன் மேலதான்.”

“எனக்கு எதுவும் ஆகாதுன்னு தைரியமா? அலமாரி மேல பண்ணுங்க.”

பண்ணினேன். நாலு நாள் தாங்கியது.

ஐந்தாம் நாள், பூட்டைத் திறக்கப் போன ஒரு வீட்டில் அதைப் பார்த்தேன். பிலிம் போடுகிற பழைய கேமரா. மற்ற கேமரா மாதிரி பேட்டரி மாற்றுகிற வேலையே கிடையாது. முன்மூடியில் கறுப்பாக ஒரு பட்டை. வெயிலில் வைத்தால் அந்தப் பட்டை வெயிலைக் குடிக்கும். வயிறு நிறைந்ததும் பச்சை விளக்கு எரியும். அப்புறம் படம் எடுக்கலாம்.

“யாரும் தொடறதில்ல, எடுத்துட்டுப் போங்க” என்று புது பிலிமும் போட்டுக் கொடுத்தார் வீட்டுக்காரர். வாங்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? கொடுத்தால்?

சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த பிறகுதான் புத்தி வந்தது. பீரோவில் வைத்தால் அது பட்டினி. பரணில் வைத்தாலும் பட்டினி. ஊரில் எல்லோரும் சாமானை இருட்டில் ஒளிப்பார்கள். எனக்கு வாய்த்ததோ நல்ல வெயிலில் ஒளிக்கவேண்டிய சாமான்.

மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். சரி, தினம் மாடி ஏற ஒரு சாக்கு?

“இன்னிலேர்ந்து துணிய நான் காயப்போடறேன்” என்றேன்.

தையல் மெஷின் நின்றது.

“யாரு?”

“நான்தான். உனக்கு முட்டி வலியாச்சே.”

“எனக்கு முட்டி வலிக்க ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆச்சுங்க.”

“இன்னிக்குத்தான் மனசு கேக்கல.”

“மனசுக்கு என்ன ஆச்சு? டாக்டரப் பாக்கலாமா?”

சிரிக்காமல் கேட்டாள். சிரிக்காமலே வாளியையும் கொடுத்தாள்.

சாயங்காலம் துணி எடுக்கப் போனேன். பச்சை விளக்கு எரியவில்லை. ரொம்ப நாள் பசி, ஒருநாள் வெயில் பத்தாது என்று நினைத்தேன். மறுநாளும் எரியவில்லை. அதிக நேரம் வைக்கவேண்டும். அதிக நேரம் மாடியில் நிற்க அதிகத் துணி வேண்டும். ஜன்னல் திரையையெல்லாம் கழற்றினேன். தலையணைகளைத் தூக்கினேன். போர்வை, மிதியடி, அவள் தைத்துவைத்த பைகள்கூட வெயில் பார்த்தன. கேமரா மட்டும் கண் திறக்கவில்லை.

மூன்றாவது வாரம் எதிர்வீட்டுக்காரர் வழி மறித்தார்.

“ஏன் சார், உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?”

“என்னாச்சு?”

“அவரப் பாத்துக் கத்துக்கங்கன்னு என் வீட்டுக்காரி என் கையிலயும் வாளியக் குடுத்துட்டா சார்!”

இனித் தாங்காது. கேமராவைத் தலையணை உறைக்குள் போட்டு, கேமரா பழுது பார்க்கிறவனிடம் ஓடினேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கறுப்புப் பட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். பட்டை உரிந்து வந்தது. அடியில் இன்னொரு பட்டை!

உரிந்தது ரெக்சின். பைக்கு அடியில் வைத்துத் தைக்கிற கறுப்பு ரெக்சின். நூல் பிசகாத அளவு.

“அண்ணி மூணு வாரத்துக்கு முன்னாடியே இதத் தூக்கிட்டு வந்தாங்கண்ணே” என்றான் அவன். “வெயில் படாம மறைச்சா கெட்டுப்போகுமான்னு கேட்டாங்க. கெடாது அண்ணி, சும்மா தூங்கும்னேன். அது போதும்னுட்டுப் போனாங்க.”

அவன் கடை வாசல் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தோம். பச்சை விளக்கு எரிந்தது. என் வயிறும் எரிந்தது. இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, கேமராவைத் திரும்ப உறைக்குள் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

“ஏன் இப்படிப் பண்ண?”

“எப்படிப் பண்ணேன்?”

“மூணு வாரம் முதுகு ஒடிஞ்சுது! அந்த ரெக்சின்…”

“எந்த ரெக்சின்? எது மேல ஒட்டியிருந்துதுங்க?”

வாயைத் திறந்தேன். அவளுக்குப் பின்னால் அலமாரி. ஆறு கடிகாரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தன. மூடிக்கொண்டேன்.

“ஒண்ணுமில்ல.”

“அப்ப நானும் ஒண்ணும் பாக்கல. துணி நேரத்துக்குக் காயற வரைக்கும் என் கண்ணுக்கு எந்தப் பழசும் தெரியாது. அலமாரி அங்கேயே இருக்கும். சரியா?”

“சரி.”

“இந்த மெத்தையப் பிடிங்க.”

தலையில் ஏற்றினாள். இரண்டு கையாலும் பிடித்தேன். அக்குளிலிருந்த தலையணை உறை நழுவியது. கீழே விழுமுன் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கேமராவை வெளியே எடுத்தாள். மூடியைத் தள்ளினாள், பத்து வருஷம் பழகினவள் மாதிரி.

“கொஞ்சம் சிரிங்க.”

கிளிக்.

“பிலிம்ல இருக்கற முப்பத்தாறு படத்துல ஒண்ணு ஆச்சு. மீதிக்கு முப்பத்தஞ்சு நாள் வெயில் வேணும்” என்று சொல்லிவிட்டு, என் தலையில் இரண்டாவது மெத்தையையும் ஏற்றினாள்.